அப்பாவுக்கு ஏன் புரையேறவில்லை: மூளைத்தண்டும் மூச்சுப்பாதையும்

கேள்வியின் சாரம் இதுதான். அறுபதைத் தாண்டிய தந்தைக்கு மூளைத்தண்டில் பக்கவாதம். மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு போகிறது. வீட்டார் ஒருவர் மனம் பொறுக்காமல் இரண்டு ஸ்பூன் தண்ணீரை வாயில் கொடுத்திருக்கிறார். அவர் இருமவும் இல்லை, புரையேறவும் இல்லை, குரல் மட்டும் சற்றுக் கொழகொழத்தது. அப்படியிருந்தும் வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்கிறார். இருமல் வரவில்லை என்றால் நல்லதுதானே, பிறகு ஏன் இந்தத் தடை?

மருத்துவர் சொல்வதே சரி. தண்ணீர் தவறான வழியில் இறங்கியும் இருமல் வராத நிலைதான், இருமல் வருகிற நிலையைவிட ஆபத்தானது. அந்தக் கொழகொழத்த குரலும் தண்ணீர் குரல்நாண்கள் மீது தேங்கி நிற்கிறது என்பதற்கான அடையாளமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஏன் அப்படி என்பது விளங்க வேண்டுமானால், மூச்சு, விழுங்கல், இருமல் ஆகிய மூன்றையும் ஒரே இடத்திலிருந்து நடத்தும் மூளைத்தண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் உடலில் காற்றும் சோறும் ஒரே தொண்டையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மூச்சுக்குழாய் முன்னால் இருக்கிறது, உணவுக்குழாய் பின்னால் இருக்கிறது. ஆனால் மூக்கு மேலே, வாய் கீழே. ஆகவே காற்றின் பாதையும் உணவின் பாதையும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்தே தீர வேண்டும். அந்தச் சந்திப்பில் காவல் நிற்பது குரல்வளை. பேசுவதற்கான உறுப்பாகவே அதை அறிந்திருக்கிறோம். பேச்சு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட வேலை. அதன் ஆதி வேலை மூச்சுக்குழாயின் வாயிலை உரிய நேரத்தில் அடைப்பதுதான். எப்போது அடைப்பது, எப்போது திறப்பது என்ற முடிவு குரல்வளையில் எடுக்கப்படுவதில்லை. அது கழுத்துக்கு மேலே, மண்டையோட்டின் அடித்தளத்தில், நம் கட்டைவிரல் அளவே தடிமனுள்ள மூளைத்தண்டில், குறிப்பாக அதன் கீழ்ப்பகுதியான முகுளத்தில் எடுக்கப்படுகிறது.

மூச்சு முகுளத்தில் பிறக்கிறது என்பது பழைய கண்டுபிடிப்பு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரான்சின் லெகல்லுவா, விலங்குகளின் மூளையை மேலிருந்து படிப்படியாக நீக்கிக்கொண்டே வந்து, தொண்டைக்கும் நெஞ்சுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு மூளைத்தண்டில் புறப்படும் இடத்துக்கு அருகிலுள்ள சிறு பகுதி அழியும்வரை மூச்சு நிற்பதில்லை என்று காட்டினார். ஆனால் தாளத்தைப் பிறப்பிக்கும் நரம்பணுக் கூட்டம் எது என்பது 1991 வரை பிடிபடவில்லை. அந்த ஆண்டில் ஜெஃப்ரி ஸ்மித்தும் ஜாக் ஃபெல்ட்மனும் அவர்களுடைய குழுவினரும், பிறந்து சில நாளே ஆன எலியின் முகுளத்திலிருந்து மெல்லிய சீவலொன்றை எடுத்து, உப்புக்கரைசல் நிரம்பிய கிண்ணத்தில் வைத்தார்கள். நுரையீரலும் இல்லை, உடலும் இல்லை. ஆனாலும் அந்தச் சீவலிலிருந்த நாவை இயக்கும் நரம்பின் வேர், மூச்சிழுக்கும் தாளத்தில் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டே இருந்தது. அந்தத் தாளத்தின் ஊற்றுக்குப் ப்ரீபாட்சிங்கர் தொகுதி என்று பெயர். பெயரைக் கேட்டால் யாரோ பெரிய ஜெர்மானிய அறிவியலாளர் என்று தோன்றும். உண்மையில் 1978-இல் ஜெர்மனியில் நடந்த மாநாட்டு விருந்து மேசையில் இருந்த திராட்சை மதுப் புட்டியில் ஒட்டியிருந்த ஊர்ப்பெயர்தான் பக்கத்துத் தொகுதிக்குச் சூட்டப்பட்டது. முகுளத்தில் கீழிருந்து மேலே போகும்போது இது அதற்கு முன்னதாக வருவதால் ‘ப்ரீ’ சேர்ந்துகொண்டது.

இந்தத் தாளத்தோடு வேறு சில பகுதிகளும் சேர்ந்து உழைக்கின்றன. முகுளத்தின் முன்புறப் பரப்பை ஒட்டியுள்ள நரம்பணுக்கள் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் உணர்ந்து மூச்சை வேகப்படுத்துகின்றன. கழுத்துத் தமனியிலுள்ள சிறு உணர்விகள் ஆக்சிஜன் குறைவதைத் தெரிவிக்கின்றன. முகுளத்துக்கு மேலுள்ள பான்ஸ் பகுதி, உள்மூச்சை எந்த இடத்தில் வெட்டி வெளிமூச்சுக்கு மாற்றுவது என்பதைச் செப்பம் செய்கிறது. நுரையீரல் விரிந்ததும் வேகஸ் நரம்பு வழியே செய்தி மேலே போய் உள்மூச்சை நிறுத்துவதை ஹெரிங்கும் ப்ராயரும் 1868-லேயே விளக்கிவிட்டார்கள். இந்த உள்வரும் செய்திகளில் பெரும்பாலானவை வந்து இறங்கும் முனையம், முகுளத்தின் பின்புறத்திலுள்ள நியூக்ளியஸ் சாலிடேரியஸ். தொண்டை, குரல்வளைத் தசைகளுக்கான கட்டளைகள் புறப்படும் இடம் நியூக்ளியஸ் அம்பிகுவஸ். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தந்தையின் விஷயத்தில் மீண்டும் வரும்.

முதலில் விழுங்கலைப் பார்ப்போம். ஒரு வாய்ச் சோறு தொண்டைக்குள் இறங்கும் கணத்தில் நாம் மூச்சு விடுவதில்லை. ஏறத்தாழ அரை நொடியிலிருந்து ஒரு நொடி வரை மூச்சு தானாக நிற்கிறது, குரல்வளை மேலெழுந்து நாவின் அடியில் ஒதுங்குகிறது, குரல்நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, குரல்வளை மூடி பின்னால் சாய்கிறது. விழுங்கி முடித்ததும் பெரும்பாலும் நாம் முதலில் வெளிமூச்சையே விடுகிறோம். இது தற்செயலன்று. வாயிலில் பருக்கை ஏதேனும் ஒட்டியிருந்தால் உள்மூச்சு அதை உள்ளே இழுத்துவிடும், வெளிமூச்சோ வெளியே தள்ளிவிடும். சாப்பிடும்போது பேசினாலும் சிரித்தாலும் புரையேறுவதற்குக் காரணம், சிரிப்புக்குப் பின் வரும் அந்தத் திடீர் உள்மூச்சு விழுங்கலின் இந்த வரிசைக்குள் நுழைந்துவிடுவதுதான். யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டும் வழக்கத்தில் அன்பு இருக்கிறது. மூச்சுப்பாதைக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. புரையேறியவர் இருமிக்கொண்டிருக்கும் வரை அவரை இருமவிடுவதே உதவி. குரலே எழாமல், மூச்சும் போகாமல் திணறினால் மட்டுமே முதுகில் ஓங்கித் தட்டுவதும், பெரியவர்களாக இருந்தால் மேல்வயிற்றை அழுத்துவதும் தேவைப்படும்.

அடுத்தது இருமல். காய்ந்த மிளகாயை எண்ணெயில் தாளிக்கும்போது வீடு முழுக்க ஏறும் நெடியை அறியாதவர் நம்மில் இல்லை. மிளகாயிலுள்ள கேப்சைசின், மூச்சுப்பாதையின் மெல்லிய சி வகை நரம்பிழைகளிலுள்ள டிஆர்பிவி1 என்ற புரதத்தைத் திறந்துவிடுவதால்தான் தொண்டை கமறுகிறது. ஆய்வுக்கூடங்களில் ஒருவரின் இருமல் உணர்வை அளக்க அவரை நுகரச் செய்வதும் இதே கேப்சைசினின் மெல்லிய தூவலைத்தான். நம் அடுப்படியில் அந்தச் சோதனை தினமும் நடக்கிறது. இந்தப் புரதத்தை 1997-இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இவை தவிர, தொடுதலுக்கும் அமிலத்துக்கும் நொடியில் பதில் தரும் சற்றுத் தடித்த நரம்பிழைகள் குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ளன. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கரினா என்ற முகட்டில் அவை நெருக்கமாக இருக்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் சளி உறிஞ்சும் மெல்லிய குழாயை உள்ளே விடும்போது, அது கரினாவைத் தொட்ட கணத்தில் அரை மயக்கத்தில் இருப்பவரின் உடல்கூடக் கட்டிலிலிருந்து எழும்பி இருமுவதைத் தினமும் பார்க்கிறோம். அந்த அசைவு எங்களுக்குப் பெரிய ஆறுதல். முகுளம் விழித்திருக்கிறது என்பதற்கு அதைவிட எளிய சான்று கிடையாது. நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி மூளைத்தண்டுச் சாவை உறுதிசெய்யும்போது, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை நடத்தும் சோதனைகளில் இந்த இருமலும் தானாக மூச்சு எழுகிறதா என்பதும் இடம்பெறுவது இதனால்தான்.

இருமலின் செய்தியை மேலே எடுத்துச் செல்வது வேகஸ் நரம்பும் அதன் கிளைகளும். காதுக்குள் பஞ்சுக் குச்சியை விட்டால் சிலருக்கு இருமல் வருமே, அதற்கும் இதே வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுத் துளையின் தோல் வரை வருவதுதான் காரணம். முகுளத்துக்குக் காதும் தொண்டையும் ஒரே கம்பியில் பேசுவதால் குழப்பம் நேர்கிறது.

ஒரே ஒரு இருமலை மெதுவாக்கிப் பாருங்கள். முதலில் குரல்நாண்கள் அகலத் திறந்து, உதரவிதானம் வேகமாக இறங்கி, வழக்கமான அரை லிட்டருக்குப் பதில் பல சமயம் 2 லிட்டருக்கும் மேல் காற்று உள்ளே போகிறது. அடுத்து, குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்ள, வயிற்றுத் தசைகளும் விலாவிடைத் தசைகளும் மூடிய பெட்டியை நசுக்குவதுபோல் மார்புக்கூட்டை நசுக்குகின்றன. இது ஏறத்தாழ 0.2 நொடிதான் நீடிக்கிறது. அதற்குள் மார்புக்குள் அழுத்தம் பாதரச அளவில் 300 மில்லிமீட்டர் வரைகூட ஏற முடியும். இயல்பான இரத்த அழுத்தத்தின் மேல் எண் 120 என்பதோடு ஒப்பிட்டால் இதன் வலு புரியும். மூன்றாவதாகக் குரல்நாண்கள் சட்டென்று விலகுகின்றன, காற்று வெடித்து வெளியேறுகிறது. உச்சத்தில் நொடிக்கு 12 லிட்டர் வரை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. மூச்சுக்குழாயின் பின்சுவரில் குருத்தெலும்பு கிடையாது, வெறும் தசையும் சவ்வும்தான். வெளியழுத்தத்தில் அந்தச் சுவர் உள்வாங்கிக் குழாய் குறுகுவதால், தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுவதுபோல், காற்றின் வேகம் பல மடங்காகிச் சளியைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு போகிறது.

இந்த மூன்று கட்டங்களுக்கும் தனியாக ஓர் ‘இருமல் மையம்’ இருப்பதாகப் பழைய பாடநூல்கள் எழுதின. மேல்மூளை நீக்கப்பட்ட பூனைகளில் பல நரம்பணுக்களின் துடிப்பை ஒரே நேரத்தில் பதிவுசெய்து, புளோரிடாவின் ஆய்வாளர்கள் 1990-களிலும் அதன் பின்னரும் காட்டிய படம் வேறு. மூச்சு விடும்போது துடிக்கும் அதே நரம்பணுக்கள்தான் இருமும்போதும் துடிக்கின்றன. ஆனால் அவற்றின் வரிசையும் வலுவும் ஒருவருக்கொருவர் விதிக்கும் தடையும் மாறிவிடுகின்றன. தவில்காரர் அதே கருவியில் தாளத்தை மாற்றி வாசிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். விழுங்கலுக்கும் இதே வலையமைப்பு கணிசமாகப் பங்கு தருகிறது. ஆகவே மூச்சும் இருமலும் விழுங்கலும் ஒரே கணத்தில் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஒன்று நடக்கும்போது மற்றது காத்திருக்கிறது. அதே காரணத்தால், முகுளத்தில் சிறு இடம் பழுதானாலும் மூன்றும் சேர்ந்தே குலையக்கூடும்.

முகுளம் எவ்வளவு நுணுக்கமாகத் தேர்வுசெய்கிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூச்சுக்குழாயின் ஆழத்தில் சளி இருந்தால் முதலில் ஆழ்ந்த உள்மூச்சு வருகிறது, பிறகு இருமல். ஆனால் ஒரு துளி குரல்நாண் மீதே விழுந்துவிட்டால், அந்த உள்மூச்சே துளியைக் கீழே இழுத்துவிடுமல்லவா? அதனால் அங்கே முகுளம் உள்மூச்சைத் தவிர்த்துவிடுகிறது. இருக்கிற காற்றைக் கொண்டே உடனடியாக ஒரு வெளித்தள்ளல் நிகழ்கிறது. ஸ்லோவாக்கியாவின் கொர்பாஷ், டொமோரி ஆகியோர் இதை இருமலிலிருந்து வேறான தனி அனிச்சைச் செயல் என்று விரிவாக ஆராய்ந்தார்கள். பேச்சுத் தமிழில் நாம் புரை, செருமல், கமறல், இருமல் என்று நான்கு சொற்களைப் புழங்குவதை நினைத்துப் பார்த்தால், நம் காதும் இந்த வேறுபாட்டை ஓரளவு பிடித்துவைத்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

வேண்டுமென்று இருமுவது வேறு பாதை. ‘இருமுங்கள் பார்க்கலாம்’ என்று மருத்துவர் சொன்னதும் நாம் இருமுவது பெருமூளைப் புறணியின் கட்டளையால். மூச்சிலும் இதே இரட்டைப் பாதை உண்டு. பான்ஸின் முன்பகுதி பழுதாகிக் கண் அசைவு மட்டும் மிஞ்சும் நோயாளி, சொன்னால் மூச்சை அடக்கவோ இருமவோ இயலாதவராக இருப்பார். ஆனால் அவரது தானியங்கி மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், குழாய் பட்டால் இருமலும் வரக்கூடும். மறுபுறம், ஃபாக்ஸ்2பி என்ற மரபணுவில் கோளாறோடு பிறக்கும் குழந்தைகள் விழித்திருக்கும்போது ஓரளவு சரியாக மூச்சுவிட்டு, உறங்கியதும் மூச்சைக் குறைத்துவிடுகின்றன. கார்பன் டை ஆக்சைடு ஏறுவதை அவற்றின் முகுளம் உணர்வதில்லை. ஆகவே உங்கள் தந்தை சொன்னதும் இருமிக் காட்டுகிறார் என்பதாலேயே, தண்ணீர் உள்ளே போனால் தானாக இருமுவார் என்று எண்ணிவிடாதீர்கள்.

இப்போது அவருக்கு நேர்ந்ததற்கு வருவோம். மூளைத்தண்டுப் பக்கவாதத்தில் அடிக்கடி காணும் ஒரு வகை, முகுளத்தின் பக்கவாட்டுப் பகுதிக்கு இரத்தம் செல்லும் தமனி அடைபடுவது. அடால்ஃப் வாலன்பெர்க் 1895-இல் விவரித்ததால் அவர் பெயரால் வழங்குகிறது. தலைச்சுற்றல், முகத்தில் ஒரு பக்கமும் உடலில் மறுபக்கமும் உணர்வு குறைதல், விடாத விக்கல், கரகரத்த குரல், விழுங்க முடியாமை ஆகியவை அதன் அடையாளங்கள். கை கால் பலம் பெரும்பாலும் குறையாததால், ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டார் எண்ணிவிடுவதும் உண்டு. பழுதாவது மேலே நினைவில் வைக்கச் சொன்ன இரண்டு இடங்களும் அவற்றை ஒட்டிய பகுதியும்தான். அம்பிகுவஸ் பழுதானால் ஒரு பக்கக் குரல்நாண் அசைவதில்லை. குரல்நாண்களின் இடைவெளி முழுதாக மூடாததால் அழுத்தம் சேராது, வருகிற இருமலும் வெடிப்பில்லாமல் காற்றுக் கசிவதுபோலவே ஒலிக்கும். சாலிடேரியஸ் பழுதானால் செய்தியே வந்து சேர்வதில்லை. தண்ணீர் குரல்நாண்களைத் தாண்டி இறங்கினாலும் முகுளத்துக்குத் தெரியாது. சத்தமில்லாத இந்த உள்ளிறக்கத்தை, இருமலை மட்டும் வைத்துக் கட்டிலருகே கண்டுபிடிக்க முடியாது. பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே படமாக எடுத்தோ, மூக்கு வழியே மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தோதான் உறுதி செய்கிறார்கள்.

வேறு சில காரணங்களும் காவலைத் தளர்த்தக்கூடும். ஆழ்ந்த உறக்கத்தில் இருமல் அடங்கிவிடுகிறது. இரவில் இருமுகிறவர் பெரும்பாலும் ஒரு கணமாவது விழித்துத்தான் இருமுகிறார். நலமாக இருப்பவர்களிலும் பலருக்கு உறக்கத்தில் சிறிதளவு உமிழ்நீர் உள்ளே இறங்குகிறது. நல்ல நுரையீரல் அதைச் சமாளித்துக்கொள்ளும். தூக்க மருந்துகளும், கோடீன் போன்ற அபின் வகை இருமல் மருந்துகளும் மூளைத்தண்டிலேயே இருமலையும் மூச்சையும் சேர்த்துத் தணிக்கின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீன் கூடாது என்று அறிவித்தது அதனால்தான். ஆகவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய இருமல் சிரப்பைத் தந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். இதற்கு நேர்மாறாக, ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தருகின்றன. பிராடிகைனின், சப்ஸ்டன்ஸ் பி ஆகிய உடலில் சுரக்கும் வேதிப்பொருள்கள் சிதையாமல் மூச்சுப்பாதையில் தங்கி நரம்பிழைகளை உணர்ச்சிமிக்கவையாக்குவதே காரணம் என்று கருதப்படுகிறது.

பச்சிளங்குழந்தையின் முகுளம் இன்னும் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. குரல்வளையில் நீர் பட்டால் அது இருமுவதைவிட மூச்சை நிறுத்துவதும் விழுங்குவதும் இதயத் துடிப்பைக் குறைப்பதுமாகப் பதில் தருகிறது. இருமல் பின்னரே முதிர்கிறது. குளிப்பாட்டும்போது மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் ஊற்றுவதும், அழும் குழந்தையை மடியில் கிடத்திப் பாலாடையால் வலிந்து புகட்டுவதும் நம் ஊர்களில் இன்னும் அற்றுப்போகவில்லை. எண்ணெய் கமறலைத் தூண்டாமல் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்கு இறங்கிவிடுவதால் ஏற்படும் நிமோனியா குழந்தை மருத்துவர்களுக்குப் பழக்கப்பட்ட ஒன்று. கேள்வியோடு நேரடித் தொடர்பில்லை என்றாலும், இருமாமல் உள்ளே போவது என்றால் என்ன என்பதற்கு இது மிகத் தெளிவான எடுத்துக்காட்டு.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. விழுங்கல் சோதனையை எப்போது செய்வார்கள், பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் எப்போது பார்ப்பார் என்று மருத்துவரிடம் கேளுங்கள். முகுளத்தின் வலமும் இடமும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், ஒரு பக்கம் பழுதானதும் முதலில் இரண்டு பக்க விழுங்கலும் தடுமாறும். நாளடைவில் நலமான பக்கம் வேலையை ஏற்றுக்கொள்ளத் தொடங்கும். பலருக்குச் சில வாரங்களில் தேற்றம் தெரியும், சிலருக்கு மாதங்கள் ஆகும். தலையைத் திருப்பியோ தாழ்த்தியோ விழுங்குவது, நீரைக் கெட்டியாக்கித் தருவது போன்றவற்றைப் பயிற்சியாளர் பார்த்துச் சொன்ன பிறகு மட்டுமே தொடங்குங்கள். ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாது.

குழாய் இருப்பதாலேயே ஆபத்து நீங்கிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். நாளொன்றுக்கு ஒரு லிட்டர் அளவுக்குச் சுரக்கும் உமிழ்நீரை அவர் விழுங்கியே ஆக வேண்டும், அதுவும் தவறான வழியில் இறங்கலாம். குழாயில் உணவு போகும்போதும் அதன் பிறகு ஒரு மணி நேரமாவதும் கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் உயர்த்தி வையுங்கள். காய்ச்சல், வேகமான மூச்சு, களைப்பு இவற்றில் ஏதேனும் தெரிந்தால் இருமலுக்காகக் காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். வாயால் சாப்பிடாதவருக்குப் பல் துலக்க வேண்டியதில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த வாயில் பெருகும் கிருமிதான் உமிழ்நீரோடு நுரையீரலுக்குப் போகிறது. ஆகவே செவிலியர் காட்டும் முறையில், தண்ணீர் தேங்காதபடி, காலையும் இரவும் அவருடைய பல்லையும் நாக்கையும் துடைத்துவிடுங்கள்.